டிராமுக்கு முன்னால் ஒரு முறம்: ஆரம்பகால மின் டிராம்களின் ஃபெண்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1890களில் எடுத்த அமெரிக்கத் தெருப் படங்களைப் பார்த்தால், மின் டிராம்களின் முகப்பில் விநோதமான ஒன்று கண்ணில் படும். தரையை ஒட்டி, பெரிய முறம் ஒன்றைக் கட்டிவிட்டது போல, இரும்புச் சட்டமும் வலையுமாக முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஃபெண்டர். யாராவது குறுக்கே வந்து மாட்டிக்கொண்டால், அவர் சக்கரத்தடியில் போகாமல் அள்ளிக்கொள்வதற்காக வைத்தது. பார்த்தால் தச்சுப்பட்டறையில் ஒரே நாளில் செய்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அதைச் சரியாகச் செய்வதற்குள் பொறியாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் திண்டாடினார்கள். இந்தப் படங்களைக் காட்டும்போதெல்லாம் என்னிடம் வழக்கமாக வரும் கேள்விகளும் என் பதில்களும் இவை.

ஃபெண்டர் என்றால் காரின் மட்கார்டுதானே?

அது வேறு. காரில் ஃபெண்டர் என்பது சக்கரத்தின் சேறு தெறிக்காமல் மூடும் தகடு. டிராமில் அது மோதுகிற ஆளுக்கான ஏற்பாடு. பிரிட்டனில் இதே வேலையைச் செய்யும் சாதனத்தை லைஃப்கார்டு என்றார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் பொருத்தமாகப் படுகிறது. அமெரிக்கர்கள் வண்டிக்கு முன்னே நீட்டியிருப்பதை ஃபெண்டர் என்றும், வண்டிக்கு அடியில் சக்கரத்துக்கு முன் தொங்குவதைச் சக்கரக் காவல் என்ற பொருளில் வீல்கார்டு என்றும் பிரித்துச் சொன்னார்கள். இந்த வேறுபாடு முக்கியம், பின்னால் வரும்.

குதிரை டிராம் பல பத்தாண்டுகள் ஓடியதே, அதற்கு ஏன் ஃபெண்டர் வைக்கவில்லை?

குதிரையே ஃபெண்டர் என்பதுதான் என் பதில். வண்டிக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னால் உயிருள்ள, கண் தெரிந்த ஒரு பிராணி போகிறது. குறுக்கே யாராவது வந்தால் அது மிரளும், விலகும், முடிந்தவரை மிதிக்காமல் தாண்டும். குளம்புச் சத்தமே பாதிப் பேரை ஒதுங்க வைத்துவிடும். அதையும் மீறி மோதினால் முதலில் படுவது குதிரையின் மார்பு. அதற்குப் பிறகுதான் வண்டி. வேகமும் ஓட்டமாக நடப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். குதிரை டிராமிலும் ஆட்கள் சக்கரத்தில் சிக்கியிருக்கிறார்கள். ஆனால் ஊரே அதைப் பற்றிப் பேசும் அளவுக்கு அது போகவில்லை.

1888இல் ஃபிராங்க் ஸ்பிரேக் விர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் ஒரு முழு நகர வலையமைப்பையே மின்சாரத்தில் ஓட்டிக் காட்டினார். பிறகு அமெரிக்க நகரங்கள் வரிசையாகக் குதிரைகளை விற்றுவிட்டு மேலே கம்பி கட்டத் தொடங்கின. குதிரையை அவிழ்த்ததும் என்ன நடந்தது என்றால், அதுவரை பின்னால் வந்துகொண்டிருந்த வண்டியின் முகப்பு முன்னணிக்கு வந்துவிட்டது. தட்டையான இரும்புத் தகடு, தொடை உயரத்தில் நீட்டிய இணைப்புக் கொக்கி, கீழே திறந்த இடைவெளி, அதற்குள் சக்கரம். வேகமோ இரண்டு மடங்கு, மூன்று மடங்கு.

இன்னொரு சங்கதியும் உண்டு. மின் டிராமில் மோட்டார் அச்சோடு சேர்ந்து அடியில் தொங்குகிறது. மோட்டார் பெட்டிக்கும் தரைக்கும் நடுவே சில அங்குலம்தான் இடைவெளி. குதிரை டிராமில் தண்டவாளங்களுக்கு நடுவே விழுந்தவர் அசையாமல் படுத்திருந்தால் வண்டி மேலே கடந்து போய்விட வாய்ப்பு இருந்தது. மின் டிராமில் அந்த வாய்ப்பும் போயிற்று.

பிரேக் போட்டு நிறுத்தினால் போதாதா?

போதியிருந்தால் ஃபெண்டரே பிறந்திருக்காது. அன்றைய டிராமில் பிரேக் என்பது கையால் சுற்றும் ஒரு பித்தளைக் கைப்பிடி. அதைச் சுற்றச் சுற்ற, ஒரு சங்கிலி அடியில் இருக்கும் கம்பிகளை இழுத்துப் பிரேக் கட்டைகளைச் சக்கரத்தில் அழுத்தும். குதிரை டிராமிலிருந்து அப்படியே வந்த ஏற்பாடு அது. நம் ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுபவரைப் போல, மோட்டார்மேனின், அதாவது டிராமை ஓட்டுபவரின், தோள் பலம்தான் வண்டியை நிறுத்தியது.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். மோட்டார்மேன் பார்த்துச் சுதாரிக்க ஒரு விநாடி என்று வைப்போம். பிரேக் பிடித்தபின் விநாடிக்கு விநாடி ஒரு மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்போம். கை பிரேக்குக்கு இதுவே தாராளம். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் வந்தால் வண்டி ஏறக்குறைய 7 மீட்டரில் நிற்கும். 25 கி.மீ. வேகத்தில் வந்தால் 31 மீட்டர் வேண்டும். வேகம் இரண்டரை மடங்கு கூடியதற்கு, நிற்கும் தூரம் நாலரை மடங்கு.

அதிலும் மழை பெய்து தண்டவாளத்தில் சேறு படிந்திருந்தால் இரும்பு மேல் இரும்பு வழுக்கும். சக்கரம் சுழலாமல் நின்றாலும் வண்டி சறுக்கிக்கொண்டே போகும். அதற்காக மணல் பெட்டி வைத்து, தண்டவாளத்தில் மணல் தூவினார்கள். கடைசி ஆயுதமாக மோட்டாரைப் பின்னோக்கித் திருப்பலாம். பதற்றத்தில் அளவுக்கு மீறித் திருப்பினால் ஃப்யூஸ் போய்விடும், அப்புறம் அதுவும் இல்லை. காற்று பிரேக் பரவலாக வந்த பிறகுதான் மோட்டார்மேனுக்கு உண்மையான பலம் கிடைத்தது.

புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணியின் பெயர் இதிலிருந்து வந்தது என்பது நிஜமா?

நிஜம்தான். டாட்ஜர் என்றால் நழுவித் தப்பிப்பவர். டிராலி என்பது மின் டிராமுக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர். புரூக்ளின் 1890களின் தொடக்கத்தில் மின் டிராமுக்கு மாறியது. தெருவைக் கடக்கும்போது அங்குமிங்கும் குதித்துத் தப்பிக்க வேண்டியிருந்ததால் ஊர்க்காரர்களுக்கே டிராலி டாட்ஜர்ஸ் என்று பட்டப்பெயர் விழுந்தது. 1895 வாக்கில் அது அணிக்கும் ஒட்டிக்கொண்டது. அணி பிறகு லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தும் பெயரை விடவில்லை.

என்னென்ன வகைகள் இருந்தன?

காப்புரிமை ஆவணங்களைப் புரட்டினால் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். தெருவில் ஒரு விபத்து நடந்த மறுநாளே யாரோ ஒருவர் வரைபடத்தோடு காப்புரிமை அலுவலகத்துக்கு ஓடியிருப்பார் போல. ஆனால் எல்லாவற்றையும் சலித்துப் பார்த்தால் மிஞ்சுவது மூன்று யோசனைகள்தான்.

முதலாவது, அள்ளிக்கொள்வது. வண்டிக்கு முன்னே நீட்டிய வலைத்தொட்டில். முன் விளிம்பு தாழ்வாக இருக்கும், பின் பகுதி மேலே வளைந்து முகப்புத் தகட்டை மறைக்கும். நிற்கிற ஆளின் காலை வாரி, அவரை வலையில் உட்கார வைப்பது நோக்கம். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரிலிருந்து வந்த பிராவிடன்ஸ் ஃபெண்டர் இந்த வகையில் பேர் போனது.

இரண்டாவது, தள்ளிவிடுவது. கலப்பை போல முன்னே கூராக, இரு பக்கமும் சரிவாக இருக்கும் பலகைகள். விழுந்தவரைத் தண்டவாளத்துக்கு வெளியே உருட்டிவிடும். இங்கிலாந்தின் லிவர்பூல் நகர டிராம்களில் சக்கரங்களைச் சுற்றி இப்படிப்பட்ட கலப்பைக் காவல் இருந்தது.

மூன்றாவது, தடுத்து ஏந்துவது. இதுதான் என் மனதுக்குப் பிடித்தது. ஹட்சன்-பவ்ரிங் லைஃப்கார்டு, சுருக்கமாக எச்-பி என்பார்கள். வண்டியின் முகப்புக்கு அடியில், குறுக்காக ஒரு மரச்சட்டக் கதவு தொங்கும். அதற்குப் பின்னால், சக்கரத்துக்குச் சற்று முன்பாக, ஒரு தட்டு தூக்கிக் கட்டியிருக்கும். விழுந்து கிடப்பவர் மேல் வண்டி வரும்போது, தொங்கும் கதவு அவர் உடம்பில் பட்டுப் பின்னே சாயும். அது சாய்ந்ததும் ஒரு கொக்கி விடுபட்டுத் தட்டு தொப்பென்று தரையில் விழும். ஆள் அந்தத் தட்டில் ஏறிக்கொள்வார், சக்கரம் அவரை எட்டாது. யாரும் எதையும் மிதிக்க வேண்டாம், இழுக்க வேண்டாம். எலிப்பொறியின் தந்திரம்தான், இங்கே பிழைக்க வைப்பதற்காக.

ரயில் எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் மாடு தள்ளியை அப்படியே வைத்திருக்கலாமே?

அது 1830களிலேயே அமெரிக்க ரயில்களில் வந்துவிட்டது. நியூ ஜெர்சியில் ஓடிய ஜான் புல் எஞ்சினுக்கு ஐசக் டிரிப்ஸ் ஒரு முன் சட்டம் பொருத்தினார். ஆனால் அதன் வேலை ரயில் தடம்புரளாமல் காப்பது. மாட்டுக்கு என்ன ஆகும் என்பது பற்றி அதற்குக் கவலையில்லை. டிராமில் காக்க வேண்டியது வண்டியை அல்ல, எதிரே இருப்பவரை. கன்றின் மேல் தேர் ஏறியதற்கு மனுநீதிச் சோழன் சொன்ன தீர்ப்பை ரயில் கம்பெனிகளிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் தெருவில் ஓடும் டிராம் கம்பெனிக்கு நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்கு காத்திருந்தது.

ஃபெண்டரின் முன் விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? இதில் என்ன பெரிய சிக்கல்?

மொத்தச் சிக்கலும் இதில்தான்.

நிற்கும் ஆளை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒருவருடைய உடம்பின் எடை மையம் ஏறக்குறைய தொப்புள் உயரத்தில் இருக்கும். அதற்கு மேலே அடி பட்டால் ஆள் முன்னே தூக்கி எறியப்பட்டுத் தண்டவாளத்தில் விழுவார், அடுத்த விநாடி வண்டி அவர் மேல் வரும். அதற்குக் கீழே, முழங்காலுக்கும் கீழே பட்டால், கால் வாரப்பட்டு உடம்பு வண்டியை நோக்கிச் சாயும், அதாவது வலைக்குள். ஆகவே விளிம்பு தாழ்வாக இருக்க வேண்டும். குழந்தைக்கு எடை மையமே பெரியவரின் தொடை உயரத்தில்தான், எனவே இன்னும் தாழ்வாக வேண்டும். ஆனால் இரும்பு விளிம்பு கணுக்காலில் பட்டால் எலும்பு முறியும். அதற்காக விளிம்பில் ரப்பர் குழாய் போன்ற மெத்தைகளைச் சுற்றினார்கள்.

விழுந்து கிடப்பவருக்கு நிலைமை இன்னும் கறார். ஒரு கையின் தடிமன் 8, 10 செ.மீ. இருக்கும். விளிம்பு அதைவிட உயரத்தில் இருந்தால் கை அடியில் போய்விடும். இன்னும் உயர்ந்தால் ஃபெண்டர் ஆளை அள்ளாமல் அவர் மேல் ஏறி அமுக்கும். அதைவிட ஃபெண்டர் இல்லாமலே இருந்திருக்கலாம்.

சரி, தரையோடு தரையாக வைத்துவிடலாம் என்றால், டிராம் தலையாட்டும். ஆரம்பகால வண்டிகள் பெரும்பாலும் நான்கு சக்கரம்தான். இரண்டு அச்சுகளுக்கு நடுவே 2 மீட்டர் என்றால் உடல் நீளம் 8 மீட்டர். முன்னும் பின்னும் நீளமாகத் தொங்கும் அமைப்பு. கிராமத்து மாட்டுவண்டியில் பின்னால் பாரம் ஏற்றினால் நுகத்தடி மேலே எழும்புமே, அந்தக் கதை. முன் ஸ்பிரிங் 2.5 செ.மீ. அமுங்கி, பின் ஸ்பிரிங் அதே அளவு எழும்பினால், 2 மீட்டரில் 5 செ.மீ. சாய்வு. ஃபெண்டரின் நுனி வண்டியின் நடுவிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே அது 12.5 செ.மீ. இறங்கிவிடும். நிற்கும்போது தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் வைத்த விளிம்பு, பிரேக் போட்டு வண்டி முன்னே குனியும்போது கருங்கல் பாவிய தெருவில் குத்தி நிற்கும். ஆள் குறுக்கே வருவதும் பிரேக் போடுவதும் ஒரே நேரத்தில்தான் நடக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே உடலில் பொருத்திய ஃபெண்டரை உயரமாகத்தான் தூக்கி வைக்க முடிந்தது. தேவைப்படும்போது மட்டும் கீழே இறக்க ஓர் ஏற்பாடு செய்தார்கள். இன்னொரு வழி, அதை உடலில் மாட்டாமல் சக்கரங்கள் பொருந்திய அடிச் சட்டத்தில் மாட்டுவது. அந்தச் சட்டத்துக்கு உடலின் அளவுக்கு ஆட்டம் இல்லை, எனவே தரைக்கு மிக அருகில் வைக்கலாம். வீல்கார்டுகள் வென்றதற்கு இது ஒரு பெரிய காரணம்.

வளைவில் திரும்பும்போது?

அழகான கணக்கு ஒன்று இருக்கிறது. தெருமுனையில் 12 மீட்டர் ஆரமுள்ள வளைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய நகரங்களில் இது சாதாரணம். ஃபெண்டர் நுனி வண்டியின் நடுவிலிருந்து 5 மீட்டர் முன்னே. பள்ளியில் படித்த 5, 12, 13 முக்கோணம் நினைவிருக்கிறதா? நுனி வளைவின் மையத்திலிருந்து 13 மீட்டர் தொலைவில் இருக்கும், அதாவது தண்டவாளப் பாதையின் நடுக்கோட்டிலிருந்து ஒரு முழு மீட்டர் வெளியே. தண்டவாளத்தை விட்டு ஒதுங்கிப் பாதுகாப்பாக நிற்கிறோம் என்று நினைப்பவரின் காலை அது வாரும். அதே நேரத்தில் உள்பக்கத் தண்டவாளத்துக்கு முன்னால் காவலே இருக்காது. அடிச் சட்டத்தில் மாட்டியதற்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் அது சக்கரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

தட்டை யார் இறக்குவது, மோட்டார்மேனா, தானாகவா?

பல வடிவங்களில் மோட்டார்மேனின் காலுக்கடியில் ஒரு மிதி இருந்தது. மிதித்தால் ஃபெண்டர் இறங்கும். காகிதத்தில் நன்றாக இருக்கிறது. அந்த மனிதரின் இடத்தில் நின்று பாருங்கள். இடது கையில் மின்சாரக் கட்டுப்பாட்டுக் கைப்பிடி, அதை அணைக்க வேண்டும். வலது கையால் பிரேக்கைச் சுற்ற வேண்டும். காலால் மணியை அடிக்க வேண்டும். மணல் தூவ வேண்டும். எதிரே ஒரு குழந்தை. இந்த ஒரு விநாடியில் இன்னொரு மிதியை நினைவில் வைத்து மிதிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? பல நேரம் அவர் நின்ற இடத்தில் உறைந்துபோவார், நாமும் அப்படித்தான்.

தானாக விழும் ஏற்பாட்டுக்கு வேறு குறை. அதற்கு மனிதனும் கல்லும் ஒன்றுதான். பனிக்குவியல், தெருநாய், உடைந்த பெட்டி என்று எது பட்டாலும் விழும். விழுந்த தட்டை மறுபடி தூக்கி மாட்டும் வரை அது தெருவில் உரசும். நாளுக்கு நாலு முறை இப்படி ஆனால், தொழிலாளி என்ன செய்வார்? ஒரு கயிற்றால் அதைத் தூக்கிக் கட்டிவிடுவார். எந்தத் தொழிற்சாலையிலும் பாதுகாப்புத் தடுப்புக்கு நேரும் கதி இது, நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் நல்ல லைஃப்கார்டுகளில், மோட்டார்மேன் கீழே இறங்காமல் நின்ற இடத்திலிருந்தே தட்டைத் திரும்பத் தூக்கும் வசதி வைத்தார்கள். அந்தச் சின்ன நெம்புகோலை யோசித்தவருக்குப் பாராட்டு போக வேண்டும்.

வலையில் விழுந்தாலும் மோதல் மோதல்தானே, அடி படாதா?

படும். டிராமின் எடை பல டன். ஆளின் எடை 60 கிலோ. மோதிய கணத்தில் டிராமின் வேகம் துளியும் குறையாது. ஆள்தான் நின்ற இடத்திலிருந்து டிராமின் வேகத்துக்கு வர வேண்டும். கேள்வி, எவ்வளவு தூரத்தில் வருகிறார் என்பது. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில், கெட்டியான இரும்புத் தகட்டில் மோதி 5 செ.மீ.க்குள் அந்த வேகத்தை எட்டினால், உடம்பின் மேல் விழும் விசை அவர் எடையைப் போல ஏறக்குறைய 50 மடங்கு. நெகிழும் வலையில் விழுந்து 30 செ.மீ. தூரத்தில் எட்டினால் 8 மடங்கு. முதலாவது எலும்புக்கூட்டை நொறுக்கும். இரண்டாவதில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நடக்கலாம். வலை ஏன் வேண்டும், ஸ்பிரிங் ஏன் வேண்டும் என்பதற்கு இந்த இரண்டு எண்கள் போதும்.

இன்றைய கார்களின் பானெட் ஏன் அமுங்குகிறது என்பதற்கும் இதே கணக்குதான். ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு பாதசாரி மோதலைச் சோதிக்கத் தொடங்கியது 1997இல். டிராம்காரர்கள் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே இந்தப் பிரச்சினையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இவற்றை எப்படிச் சோதித்தார்கள்?

பொம்மைகளை வைத்து. நியூ யார்க்கில் 1907இல் அமைந்த பொதுச் சேவை ஆணையம், 1908இல் பல நிறுவனங்களின் ஃபெண்டர்களையும் வீல்கார்டுகளையும் வரவழைத்து, ஸ்கெனெக்டடியிலும் பிட்ஸ்பர்க்கிலும் சோதனைத் தடங்களில் ஓட்டிப் பார்த்தது. மனித உருவப் பொம்மைகளை நிற்க வைத்தும் படுக்க வைத்தும் மோதினார்கள்.

ஒரு குறையைச் சொல்ல வேண்டும். பொம்மை கையை நீட்டாது, பயந்து ஒருபக்கம் திரும்பாது, கடைசி நொடியில் பின்வாங்காது. உயிருள்ளவர்கள் இதையெல்லாம் செய்வார்கள். சோதனைத் தடத்தில் தேறிய ஃபெண்டர் தெருவில் தடுமாறியது இதனால்தான் என்பது என் எண்ணம். ஆனாலும், விற்பனையாளர் பேச்சை நம்பாமல் எல்லாவற்றையும் ஒரே தடத்தில் ஓட்டிப் பார்த்தார்களே, அது பெரிய முன்னேற்றம்.

சட்டம் கட்டாயப்படுத்தியதா?

சில இடங்களில். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1890களிலேயே ரயில்வே ஆணையர்களுக்கு இதில் உத்தரவிடும் அதிகாரம் வந்தது. பிரிட்டனில் வர்த்தக வாரியம் என்ற அரசுத் துறையின் ஒப்புதல் இல்லாமல் மின் டிராம் ஓட முடியாது, லைஃப்கார்டு அதன் நிபந்தனைகளில் ஒன்று. அமெரிக்காவில் ஒவ்வொரு நகராட்சியும் தனித்தனியாக விதி போட்டதால், ஆற்றுக்கு இக்கரையில் ஒரு வகை, அக்கரையில் ஒரு வகை.

கம்பெனிகள் ஏன் தயங்கின? வெறும் பணத்தாசையா?

பணமும் உண்டு. அது மட்டும் அல்ல. ஒரு டிராம் ஒவ்வொரு முறையும் வழித்தடத்தின் முனைக்கு வந்ததும் என்ன நடக்கும் என்று பாருங்கள். அநேக வண்டிகளுக்கு இரு பக்கமும் முகப்பு. கண்டக்டர் இறங்கி, மேலே கம்பியைத் தொடும் கழியைச் சுற்றித் திருப்புவார். மோட்டார்மேன் தன் கைப்பிடிகளைக் கழற்றிக்கொண்டு மறு முனைக்கு நடப்பார். ஃபெண்டர் நீட்டியிருந்தால் அதையும் இந்தப் பக்கம் மடக்கி அந்தப் பக்கம் விரிக்க வேண்டும், அல்லது கழற்றிச் சுமந்துபோய் மாட்ட வேண்டும். மழையில், சேற்றில், நாளுக்குப் பல முறை. மடக்கிய பின் ஃபெண்டரில் தெருப்பையன்கள் தொற்றிக்கொண்டு இலவசமாகப் பயணம் போவார்கள். அதில் விழுந்தும் அடிபட்டார்கள்.

டிப்போவிலும் இடப் பிரச்சினை. நூறு வண்டிகள் நிற்கும் கொட்டகையில் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீண்டால் நூறு மீட்டர் தடம் கூடுதலாக வேண்டும். மேலும், நெரிசலான தெருவில் முன்னே போகும் குதிரைவண்டிக்குப் பின்னால் நிற்கும்போது இந்த முறம் அதன் சக்கரத்தில் மாட்டி நசுங்கும். நசுங்கிய ஃபெண்டர் ஆளை அள்ளாது, குத்தும்.

பிரபலங்கள் யாராவது டிராமில் அடிபட்டிருக்கிறார்களா?

1902 செப்டம்பரில் மாசசூசெட்ஸின் பிட்ஸ்ஃபீல்டில், அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் போன குதிரை வண்டியின் மேல் ஒரு மின் டிராம் மோதியது. அவர் காயத்தோடு தப்பினார். அவருடைய மெய்க்காவலர் வில்லியம் கிரெய்க் அங்கேயே இறந்தார். வண்டியோடு வண்டி மோதும்போது ஃபெண்டரால் ஒன்றும் ஆகாது. 1926 ஜூன் 7 அன்று பார்சலோனாவில் கட்டடக் கலைஞர் அந்தோனி கவுதி டிராம் மோதி விழுந்தார். கசங்கிய உடையைப் பார்த்து யாரோ பிச்சைக்காரர் என்று நினைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்தார்.

நம் மெட்ராஸ் டிராமுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டா?

காலத்தால் உண்டு. புரூக்ளின்காரர்கள் டிராமுக்கு முன் குதித்துக்கொண்டிருந்த அதே 1895இல், மே 7 அன்று மெட்ராஸில் மின் டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் அதுதான் முதல் மின் டிராம். லண்டன் தெருக்களில் முறையான மின் டிராம் சேவை வந்தது 1901இல்தான் என்பதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. முதலில் மின்சாரத்தைத் தண்டவாளங்களுக்கு நடுவே தோண்டிய கால்வாயிலிருந்து எடுத்தார்கள். நம் வடகிழக்குப் பருவமழை அதைச் சும்மா விடுமா? பிறகு மேல்கம்பிக்கு மாறினார்கள். 1953 ஏப்ரலில் சேவை நின்றுபோனது.

நீட்டிய ஃபெண்டர்கள் எப்போது மறைந்தன?

பிரேக் தேறியபோது. காற்று பிரேக், அப்புறம் தண்டவாளத்தையே பிடிக்கும் காந்த பிரேக். 1936இல் சேவைக்கு வந்த அமெரிக்காவின் பி.சி.சி. டிராம் (டிராம் கம்பெனித் தலைவர்களின் குழு ஒன்று உருவாக்கிய வடிவம்) இவற்றையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, வழவழப்பான உருண்டை முகத்தோடு வந்தது. அதற்கு முன்னால் முறம் கட்ட யாருக்கும் மனம் வந்திருக்காது. அடியில் சக்கரத்துக்கு முன் விழும் தட்டு மட்டும் போகவில்லை. இன்றும் ஐரோப்பிய டிராம்கள் பலவற்றில் அதன் வாரிசுகள் இருக்கின்றன.

உங்களை 1895இல் ஒரு டிராம் கம்பெனியில் பொறியாளராக உட்கார வைத்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

அடிச் சட்டத்தில் மாட்டிய கதவும் தட்டும்தான், தயங்காமல். நிற்கும் ஆளை நோகாமல் அள்ளுவது பெரிய கனவு, அதற்காக நீட்டிய வலை தலையாட்டமும் வளைவும் தெரு நெரிசலும் சேர்ந்து பாதி நேரம் வேலை செய்யாது. கதவும் தட்டும் அந்தக் கனவைக் காண்பதில்லை. ஆள் விழுவார், சிராய்ப்பு ஏற்படும், எலும்புகூட முறியலாம். சக்கரம் மட்டும் ஏறாது. கூடவே முகப்பில் நீட்டியிருக்கும் கொக்கியை அகற்றி, தகட்டின் மேல் நெகிழும் வலை ஒன்றைத் தட்டையாகக் கட்டச் சொல்வேன். மிச்சப் பணத்தை அப்படியே காற்று பிரேக்குக்கு ஒதுக்கச் சொல்லி மேலாளரிடம் திட்டு வாங்குவேன்.

இப்போது நேரில் பார்க்க எங்கே போகலாம்?

இங்கிலாந்தின் டர்பிஷையரில் உள்ள கிரிச் என்ற ஊரில் தேசிய டிராம் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய டிராம்கள் ஓடும் நிலையில் இருக்கின்றன, ஏறிப் பயணமும் செய்யலாம். ஏறுவதற்கு முன் முகப்புக்குக் கீழே குனிந்து பாருங்கள். முதலில் தொங்கும் மரச்சட்டம் தெரியும். அதற்குப் பின்னால், சற்று இருட்டில், தூக்கிக் கட்டிய தட்டு இருக்கும்.